தரை கேட்கும் சக்கரங்கள்

இடக்கொச்சியில் ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு ஜோடி ஸ்கேட்டிங் ஷூ ஆணியில் தொங்க ஆரம்பித்துவிடும். அண்ணன் மகளுடையது. பத்து வயதுக்காரி. மழை விடும் வரை அந்த ஷூவுக்கு வேலை கிடையாது. பள்ளுருத்தியிலிருந்து அரூர் பாலம் வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் காயல்தான். காற்றிலேயே உப்பு இருக்கிறது. சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் அண்ணன் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடியும் மாட்டுவார். அவள் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள்.

"சித்தப்பா, இன்னிக்கும் விடாதா?"

2025 செப்டம்பரில் ஒரு மாலை அவள் என் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சீனாவின் பெய்தாய்ஹே. உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப். ஆண்கள் 1000 மீட்டர் ஸ்பிரின்ட் இறுதிப் போட்டி. முதலில் கோட்டைத் தொட்டவர் இந்தியர். "இந்த அண்ணன் சென்னையா? நம்ம சென்னையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை. பெயரைக் காட்டினேன்: ஆனந்த்குமார் வேல்குமார்.

அவள் நம்பாததில் ஆச்சரியம் இல்லை. அந்த நாள் வரை இந்தியாவிலிருந்து ஒருவர்கூட ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் சீனியர் உலக சாம்பியன் ஆனதில்லை. ஆனந்த்குமாருக்கு அப்போது 22 வயது. 1000 மீட்டரை அவர் கடந்த நேரம் 1 நிமிடம் 24.924 வினாடி. மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. உசைன் போல்ட் 100 மீட்டரில் உலக சாதனை படைத்தபோது அவருடைய சராசரி வேகமே மணிக்கு 38 கிலோமீட்டரை எட்டவில்லை. போல்ட்டுக்கு நேர்க்கோடு, பத்து வினாடி ஓட்டம். இவர் 200 மீட்டர் ஓடுதளத்தில் ஐந்து சுற்று, தோளோடு தோள் உரச, வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்து அந்த வேகத்தை ஒன்றரை நிமிடம் கட்டிக் காத்திருக்கிறார்.

அதே சாம்பியன்ஷிப்பில் 500 மீட்டரில் 43.072 வினாடியில் அவருக்கு வெண்கலம் கிடைத்திருந்தது. ஸ்பீடு ஸ்கேட்டிங் சீனியர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலக சாம்பியன்ஷிப் பதக்கம் அதுதான். பிறகு 1000 மீட்டர் தங்கம். அதோடும் நிற்கவில்லை. 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். ஒரே மனிதர், ஒரே போட்டித் தொடரில், முக்கால் நிமிடத்தில் முடிகிற பந்தயத்திலும் ஒரு மணி நேரம் நீள்கிற பந்தயத்திலும் பதக்க மேடை ஏறியிருக்கிறார். தடகளத்தில் 400 மீட்டர் ஓடுகிறவர் மாரத்தானையும் வெல்வதைக் கற்பனை செய்ய முடியுமா?

ஸ்கேட்டிங்கில் இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அந்த வெற்றி இன்னும் பெரிதாகத் தெரியும். சக்கரத்தில் போகிறவருக்கு முதல் எதிரி காற்று. முன்னால் ஒருவர் போனால் அவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். அவர் முதுகை ஒட்டிப் போகிறவருக்கு நிறைய வேலை மிச்சம். அதனால் நீண்ட பந்தயங்களில் எல்லாரும் ஒரு கூட்டமாகவே நகர்வார்கள். எப்போது பின்னால் ஒளிந்திருப்பது, எப்போது வெளியே வந்து முன்னால் பாய்வது என்பதுதான் ஆட்டம். கடைசிச் சில நூறு மீட்டரில் கூட்டம் உடையும். அதுவரை காலில் தெம்பை மிச்சம் வைத்திருந்து, அங்கே ஸ்பிரின்ட் ஓடக்கூடியவர் ஜெயிப்பார். மாரத்தான் முழுவதும் பொறுத்திருக்கிற நிதானமும், முடிவில் 500 மீட்டர்க்காரரின் வெறியும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். ஆனந்த்குமாரிடம் இரண்டும் இருக்கின்றன.

இது திடீரென்று வந்ததும் அல்ல. 2021-ல் கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் 15 கிலோமீட்டர் எலிமினேஷன் பந்தயத்தில் அவர் வெள்ளி வாங்கினார். எலிமினேஷன் என்றால் குறிப்பிட்ட சுற்றுகளில் கடைசியாக வருகிறவரைப் போட்டியிலிருந்து கழித்துக்கொண்டே போவார்கள். ஒரு கணம் அசந்தால் வெளியே. அந்த வெள்ளியைப் பற்றி அன்று நம் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில், ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்கான அந்தப் பெரிய மேடையில், 1000 மீட்டரில் வெண்கலம். நேரம் 1 நிமிடம் 22.482 வினாடி. தங்கம் வாங்கிய நேரத்தைவிட அது வேகமானது என்பதைக் கவனியுங்கள். ஸ்கேட்டிங்கில் கடிகாரத்தைவிடப் பக்கத்தில் ஓடுகிறவர்தான் முக்கியம்.

இதற்கு ஹாங்சோவைவிட நல்ல சாட்சி இல்லை. 2023 அக்டோபர் 2, ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் 3000 மீட்டர் ரிலே. தென்கொரியா முதலில் வந்துகொண்டிருந்தது. அவர்களின் கடைசி வீரர் கோட்டுக்குச் சற்று முன்பே இரண்டு கைகளையும் தூக்கி வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். அவரை ஒட்டி வந்த தைவான் வீரர் ஹுவாங் யூ-லின் கையைத் தூக்கவில்லை, காலை நீட்டினார். சக்கரம் கோட்டைத் தொட்டதில் வித்தியாசம் 0.01 வினாடி. தங்கம் தைவானுக்கு. கொரியக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பலகையைப் பார்த்து உறைந்துபோன காட்சியை உலகமே பார்த்தது. அந்த இரண்டு அணிகளுக்கும் பின்னால், யாரும் அவ்வளவாகக் கவனிக்காத மூன்றாவது இடத்தில், 4 நிமிடம் 10.128 வினாடியில் வந்தது இந்தியா. ஆரியன்பால் சிங் குமன், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்களே, அவர்களோடு ஆனந்த்குமார். அன்று காலையே பெண்கள் ரிலேயிலும் நமக்கு வெண்கலம் கிடைத்தது: சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது, இவர்களுடன் தமிழ்நாட்டின் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ். இதற்கு முன் ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங்கில் இந்தியா பதக்கம் கண்டது 2010 குவாங்சோவில், ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் வாங்கிய வெண்கலங்கள். வேகப் பந்தயத்தில் ஹாங்சோதான் தொடக்கம். ஒரே நாளில் இரண்டு. எட்டுப் பேரில் மூவர் தமிழ்நாடு.

வேகப் பந்தய ஸ்கேட்டிங் என்றதும் உலகத்தில் பெரும்பாலோர் நினைப்பது சக்கரத்தை அல்ல, பனியை. குறிப்பாக ஷார்ட் டிராக். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள பனித்தளத்தில் 111.12 மீட்டர் சுற்று. நான்கைந்து பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். எப்போதும் இடது பக்கம்தான் வளைவு. அதனால் காலணியின் அடியில் உள்ள தகட்டையே நடுவில் வைக்காமல் இடது பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். வளைவில் உடம்பு பனிக்கு அவ்வளவு பக்கத்தில் சாயும். இடது கை விரல்கள் பனியைத் தொட்டுக்கொண்டே போகும். விரல் நுனியில் கடினமான மூடி போட்ட கையுறை அதற்காகத்தான். ஒருவர் விழுந்தால் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போவார்.

இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் முழுமையான பதக்கப் போட்டியாக நுழைந்ததே பிரான்ஸ் மண்ணில், 1992 ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக்கில். டிஜோன் நகரத்து திபோ ஃபோக்கோனே அந்த நாட்டின் ஷார்ட் டிராக்கில் பெயர் பெற்றவர். 2011-ல் ஐரோப்பிய சாம்பியன்; வான்கூவர், சோச்சி, பியோங்சாங் என்று மூன்று ஒலிம்பிக் கண்டவர். அவரைப் போன்ற ஒருவரின் வாழ்க்கைக் கதையை எடுத்தால் அதில் மலை இருக்கும், பனித்தளம் இருக்கும், ஊருக்கு ஊர் கிளப் இருக்கும். அதே பிரான்ஸில் சேன் மாலோ என்ற கடலோர ஊரிலிருந்து வந்த அலெக்சி கோன்டான் வேறு மாதிரி. அவர் சக்கரத்தில் உலக சாம்பியன் ஆனவர். பிறகு நீண்ட பனித்தளத்துக்கு மாறி, 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் நான்காவதாக வந்தார். சக்கரத்தில் கற்ற கால் பனியிலும் பேசும் என்பதற்கு அவர் ஓர் அத்தாட்சி.

இப்படி மாறியவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக், சக்கரத்தில் ஒரே தள்ளலில் இரு முறை விசை வாங்கும் உத்தியைப் பரப்பியவர், 2006 டுரின் ஒலிம்பிக்கில் பனியில் தங்கம் வாங்கினார். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் 2022 பெய்ஜிங்கில் தங்கம். எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமானது எரின் ஜாக்சன் கதை. ஃபுளோரிடாவில் ஒகாலா என்ற வெப்பமான ஊர். சக்கரத்தில் வளர்ந்த பெண். 2022 ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியில் கால் தடுக்கி இடத்தை இழந்தார். அதே ஒகாலாவிலிருந்து, அதே சக்கரப் பள்ளியிலிருந்து வந்த பிரிட்டனி போ, தான் ஜெயித்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். எரின் பெய்ஜிங்கில் 500 மீட்டரில் தங்கம் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிப் போட்டியில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பனியே பெய்யாத ஓர் ஊர் இரண்டு பெண்களை அந்த மேடைக்கு அனுப்பியது.

நமக்கு இன்னும் பொருத்தமான பாடம் கொலம்பியாவில் இருக்கிறது. ஆனந்த்குமார் ஜூனியர் வெள்ளி வாங்கிய அதே நாடு. இன்லைன் ஸ்கேட்டிங்கில் உலகத்தின் பெரிய சக்தி அது. அந்த நாட்டின் கார்தஹேனா நகரைப் படத்தில் பார்த்தால் கொச்சி நினைவு வரும்: பழைய கோட்டை, துறைமுகம், வெயில், புழுக்கம், ஐரோப்பியர் கட்டிப்போன தெருக்கள். அந்த ஊர்ப் பையன் பெட்ரோ காவ்சில் சக்கரத்தில் உலகப் பட்டங்கள் வாங்கி, பிறகு பனிக்கு மாறி, 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் தன் நாட்டின் கொடியை ஏந்தி நடந்தார். கொலம்பியாவில் நகரத்துக்கு நகரம் ஸ்கேட்டிங்குக்கென்றே கட்டிய ஓடுதளங்கள் உண்டு. "பாட்டினோட்ரோமோ" என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஊர் வழக்கில் பெயர் இருக்கிறது என்றால் அது அங்கே சாதாரணமாகிவிட்டது என்று பொருள். நம்மிடம் அதற்குப் பெயர் இல்லை. குழந்தைகள் "ரிங்க்" என்கிறார்கள். பாதி இடங்களில் அது கூடைப்பந்து மைதானத்தின் சிமென்ட் தரைதான்.

தரை என்பது இந்த விளையாட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. போட்டி இன்லைன் ஷூவில் ஒரே வரிசையில் சக்கரங்கள். பெரும்பாலும் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை நான்கு. பாலியூரிதேனில் செய்தவை. தரை சொரசொரப்பாக இருந்தால் ஒரு கடினம், வழுவழுப்பாக இருந்தால் வேறு கடினம். ஈரமாக இருந்தால் எதுவும் நிற்காது. உலகத் தரமான ஓடுதளத்தில் வளைவுகள் கிண்ணத்தின் விளிம்பு போல் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருந்தால்தான் முழு வேகத்தில் வளைய முடியும். தட்டையான சிமென்ட் தரையில் பழகிய பிள்ளை வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்கவே பழகுகிறது. வெளிநாட்டில் சாய்வுத் தளத்தில் முதல் முறை ஏறும்போது உடம்பு பழைய பழக்கத்தில் பயப்படும். காலில் போட்டிருப்பது இறக்குமதி செய்த கார்பன் ஷூவாக இருக்கலாம். அதன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியும் இருக்கலாம். பெற்றோர் நகையை அடகு வைத்துக்கூட அதை வாங்கிவிடுவார்கள். தரையை எந்தப் பெற்றோராலும் வாங்கித் தர முடியாது.

பனித்தளத்தின் நிலைமை இதைவிடக் கடினம். சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனியில் ஸ்கேட்டிங் நடக்கிறது. அது குளிர்காலத்தில் மட்டும். டேராடூனில் 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகப் பெரிய பனித்தளம் கட்டினார்கள். பின்னர் அது வருடக்கணக்கில் மூடியே கிடந்தது. மீண்டும் திறந்து, 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் போட்டி நடந்தது.  மூடிக் கிடந்த அந்த வருடங்களில் எத்தனை பிள்ளைகளின் வயது கடந்துபோயிருக்கும்! குஜராத்தின் விஸ்வராஜ் ஜடேஜா சக்கரத்தில் தொடங்கியவர். பனி வேண்டும் என்பதற்காக நெதர்லாந்துக்கே போய்ப் பயிற்சி எடுத்தார். எல்லாருக்கும் அது முடியுமா? எங்கள் கொச்சியில் 2013-ல் லுலு மால் திறந்தபோது உள்ளே ஒரு பனித்தளமும் வந்தது. ஊரே அதிசயமாகப் பார்த்தது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே விழுவதற்கு அது நல்ல இடமாக இருந்தது. 60 மீட்டர் பந்தயத் தளம் அல்ல.

இடக்கொச்சிக்கு வருகிறேன். கேரள கிரிக்கெட் சங்கம் இங்கே காயலோரத்தில் நிலம் வாங்கி சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்டப் போவதாக அறிவித்தது. எங்கள் ஊர்ப் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது அப்போதுதான். அந்த நிலத்தில் கண்டல் காடு இருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே வந்தன, வேலை நின்றது. கண்டல் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இறால் குஞ்சு வளர்கிற இடத்தை மண் போட்டு மூடி ஒரு மைதானம் வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் வந்து கேட்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஏனென்றால் ஸ்கேட்டிங்குக்குக் காயலை மூட வேண்டியதே இல்லை. 200 மீட்டர் சாய்வு ஓடுதளம் ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்கிவிடும். கேரளத்துக்கு அதன்மேல் ஒரு கூரை அவசியம். இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து வருடத்தில் பாதியை மழையாக்கிவிடுகின்றன. கூரை இல்லாத தளம் கட்டினால் அது பாதி வருடம் பாசி பிடித்துக் கிடக்கும். அடுத்த வருடம் விரிசல் விடும். அதற்கடுத்த வருடம் யாராவது அங்கே கார் நிறுத்துவார்கள். பள்ளிப் போட்டிகளுக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர்களிடம் பேசிப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாகனம் குறைவாக இருக்கும் சாலையைத் தேடி அலைகிறார்கள். முன்னால் ஒரு ஸ்கூட்டரில் அப்பா, பின்னால் சக்கரத்தில் பிள்ளை. லாரி ஹார்ன் அடித்தால் அம்மாவின் கை நெஞ்சுக்குப் போகும். அப்படித்தான் பயிற்சி நடக்கிறது.

ஆனந்த்குமார் தங்கம் வாங்கியபோது பிரதமர் பாராட்டினார். செய்தித்தாள்கள் இடம் கொடுத்தன. அது தகுதியான மரியாதை. ஆனால் அவருடைய வெற்றியைத் தனி மனித சாகசமாக மட்டும் எழுதிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்று உலகத் தளங்களில் அவர் வளைகிற விதத்தைப் பார்த்தால், அவர் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. ஒகாலாவும் கார்தஹேனாவும் ஒரு வீரரோடு நிற்கவில்லை. முதல் ஆளுக்குப் பின்னால் இரண்டாவது ஆள் வந்தார், அவருக்குப் பின்னால் ஒரு தலைமுறை வந்தது. பெய்தாய்ஹேயில் ஜூனியர் பிரிவிலும் இந்தியப் பையன்கள் தங்கம் வாங்கியிருக்கிறார்கள். வரிசை ஆரம்பித்துவிட்டது. அது நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இரண்டாவது ஆள் சென்னையிலிருந்தும் வரலாம்; மதுரையிலிருந்தும், கொச்சியிலிருந்தும் வரலாம். சக்கரத்துக்கு மலையும் பனியும் தேவையில்லை. வெயில் ஊர்களுக்கென்றே அமைந்தது போல் இருக்கிறது இந்த விளையாட்டு. ஃபோக்கோனே பிறந்த ஊரில் குளிர் இருந்தது. எங்கள் ஊரில் இல்லை. சாய்வான வளைவும் அதன்மேல் கூரையும் குளிரைப் போல வானம் தர வேண்டியவை அல்ல. மனிதர்கள் கட்ட முடியும்.

இதை வாசிக்கும் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போய், பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழக நம் நகராட்சியில் எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். சாய்வு ஓடுதளம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெய்தாய்ஹே வீடியோவைக் காட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள். கூரையைக் கேட்க மறக்காதீர்கள்.

நானும் அண்ணனும் கொச்சி மாநகராட்சிக்குக் கொடுக்க மனு எழுதி முடித்துவிட்டோம். கடைசிக் கையெழுத்து அண்ணன் மகளுடையது.